கிளம்பும் நாள் அப்படியே இருக்கிறது, போய்ச் சேரும் இடம்தான் மாறிவிட்டது

மேற்கு ஆப்பிரிக்காவில், மொரிட்டானியா நாட்டின் கரையோரம், பாங் தார்கான் என்று ஒரு பரந்த சேற்றுவெளி இருக்கிறது. அலை வடிந்ததும் உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக அங்கே இறங்கி, ஈரச் சேற்றில் அலகைக் குத்திக் குத்தி எடுத்தபடி நடக்கும். தேடுவது மட்டியை. மேற்பரப்பில் கிடைக்கிற மட்டி கொஞ்சம்தான், ஏராளமாக இருப்பது சில சென்டிமீட்டர் கீழே. ரெட் நாட் என்கிற உள்ளானுக்கு அலகு 40 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் ஆழத்தில் புதைந்திருக்கும் அந்த மட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு எட்டும். 30 மில்லிமீட்டர்தான் என்றால் மூன்றில் ஒரு பங்கு. எட்டாத பறவை கடற்புல்லின் வேர்த்தண்டைக் கிளறித் தின்று நாளைக் கடத்தும், அது அவ்வளவாகச் சத்தில்லாத தீனி. அப்படிக் குட்டை அலகோடு வந்து சேரும் இளம் பறவைகளில் பல அடுத்த ஆண்டைப் பார்ப்பதில்லை.

சரி, அலகு ஏன் குட்டையாகிறது? அதற்கு ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் வடக்கே, ரஷ்யாவின் ஆர்க்டிக் ஓரத்தில் இருக்கும் டைமிர் தீபகற்பத்துக்குப் போக வேண்டும். இந்த உள்ளான்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது அங்கேதான். பனி உருகியதும் தரையிலிருந்து பூச்சிகள் ஒரேயடியாகக் கிளம்பும், சில வாரங்களுக்கு எங்கு பார்த்தாலும் பூச்சிதான், குஞ்சுகள் அதைத் தின்று மளமளவென்று வளரும். ஆனால் அங்கே பனி உருகுவது ஆண்டுக்கு அரை நாள் வீதம் முந்திக்கொண்டே வந்து, முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேலான கணக்கில் இரண்டு வாரத்துக்கும் அதிகமாக முந்திவிட்டது. பறவைகள் அந்த அளவுக்கு முந்தவில்லை. குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது பந்தி முடிந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் குஞ்சுகள் உடல் சிறுத்து, அலகு குட்டையாகி வளர்கின்றன, அந்த உடம்போடு பறந்து ஆப்பிரிக்கா வந்து, அங்கே மட்டி எட்டாமல் சாகின்றன. 2016-இல் சயின்ஸ் ஆய்விதழில் வெளியான விவரம் இது. படித்து வெகுநாள் ஆகியும் எனக்கு இது மனதை விட்டுப் போகவில்லை. சூடானது ஒரு கண்டம், பட்டினி கிடப்பது இன்னொரு கண்டம். மொரிட்டானியாவில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சேற்றை மட்டும் எத்தனை வருடம் ஆராய்ந்தாலும் பறவை ஏன் குறைகிறது என்பது பிடிபடாது.

பருவநிலை மாற்றம் என்றால் வெப்பம் தாங்காமல் விலங்குகள் செத்து விழும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதுவும் நடக்கத்தான் செய்கிறது. 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் வட்டாரத்தில் வெயில் 42 டிகிரியைத் தொட்டபோது இரண்டே நாளில் ஸ்பெக்டகிள்ட் ஃபிளையிங் ஃபாக்ஸ் என்ற பழந்தின்னி வௌவால்கள் சுமார் 23,000 மரங்களிலிருந்து உதிர்ந்தன, அந்நாட்டில் இருந்த அந்த இனத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வலசை போகும் உயிர்களுக்கு இதைவிடச் சத்தமில்லாத ஒரு ஆபத்து இருக்கிறது, அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆப்பிரிக்கக் காட்டில் குளிர்காலத்தைக் கழிக்கிற ஒரு சிறு பறவைக்கு, ஐரோப்பாவில் இந்த வருடம் வசந்தம் சீக்கிரம் வந்துவிட்டதா இல்லையா என்பது எப்படித் தெரியும்? தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பகலின் நீளமும் அதன் உடம்புக்குள்ளேயே ஓடுகிற ஒரு வருடக் கடிகாரமும்தான். பகல் இவ்வளவு நீண்டால் கொழுப்பைச் சேர், இவ்வளவு நீண்டால் கிளம்பு என்று தலைமுறை தலைமுறையாக இரத்தத்தில் எழுதியிருக்கிறது. இது மிக நம்பகமான குறிப்பு. சூரியன் உதிக்கும் நேரம் எந்தப் புகையாலும் மாறப்போவதில்லை. ஆனால் போய்ச் சேரும் இடத்தில் மொட்டு விரிவதும், புழு பொரிவதும், பனி உருகுவதும், புல் முளைப்பதும் சூரியனின் நேரத்தைப் பார்த்து மட்டும் நடப்பதில்லை, சூட்டைப் பார்த்து நடக்கிறது. ஒன்று வெளிச்சத்தின் நாள்காட்டி, மற்றொன்று சூட்டின் நாள்காட்டி. பல்லாயிரம் ஆண்டுகளாக இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்து வந்ததால்தான் வலசை என்ற ஏற்பாடே சாத்தியமானது. இப்போது இரண்டாவது மட்டும் வேகமாகப் புரள்கிறது.

நெதர்லாந்தின் ஓக் காடுகளில் இதை அங்குலம் அங்குலமாகப் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் உண்டு, எடை பன்னிரண்டு கிராம் அளவுதான், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சகாராவைத் தாண்டி வரும். மரத்தில் பெட்டி மாட்டி வைத்தால் அதிலேயே கூடு கட்டிக்கொள்ளும் என்பதால் ஆய்வாளர்களால் ஒவ்வொரு கூட்டிலும் முட்டை விழுந்த தேதியை, குஞ்சு பொரித்த தேதியை ஆண்டுக்கணக்கில் எழுதி வைக்க முடிந்தது. ஓக் மரம் தளிர்விட்டதும் அந்த இளந்தளிரைத் தின்னப் புழுக்கள் வரும், அவை கொழுத்துக் கிடப்பது இரண்டு மூன்று வாரம்தான், குஞ்சுகளின் பசி அந்த வாரங்களில் விழ வேண்டும். வசந்தம் சூடாகச் சூடாகத் தளிரும் புழுவும் முந்தின. பறவையோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேரும் தேதியை மாற்றவில்லை. வந்ததும் ஓய்வைக் குறைத்து, துணை தேடிக் கூடு கட்டும் நாட்களைச் சுருக்கி, முட்டையிடுவதை இருபது ஆண்டுகளில் சுமார் பத்து நாள் முன்னுக்குக் கொண்டுவந்தது. அதற்கு மேல் சுருக்க நாள் இல்லை. கிறிஸ்டியான் போத், மார்சல் விஸ்ஸர் முதலானோர் 2006-இல் நேச்சர் இதழில் எழுதியதன்படி, புழுக்காலம் மிகவும் முந்திவிட்ட காடுகளில் அந்தப் பறவையின் எண்ணிக்கை இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் சரிந்திருந்தது. புழுக்காலம் தாமதமாக இருந்த காடுகளில் சரிவு சுமார் 10 சதவீதம்தான். பறவை அதே இனம்தான், சகாராவும் அதே சகாராதான், இரண்டு காட்டுக்கும் வித்தியாசம் தேதிதான்.

அதே காட்டில் ஆண்டு முழுக்கக் குடியிருக்கிற பறவைகளுக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. ஆனால் அவை மார்ச் மாதத்து வெதுவெதுப்பை அங்கேயே இருந்து உணர்கின்றன, கொஞ்சமாவது முன்கூட்டித் தயாராக முடிகிறது. வலசைப் பறவைக்கு அந்தச் சேதி போய்ச் சேர வழியே இல்லை.

இனி நடுவழி. வலசையை நாம் பெரும்பாலும் ஒரு கோடாக நினைக்கிறோம், இங்கிருந்து அங்கே என்று. உண்மையில் அது சங்கிலி, ஒரு கண்ணி விட்டாலும் மொத்தமும் போச்சு. பட்டைவால் மூக்கன் என்கிற கரைப்பறவை அலாஸ்காவில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் போகும். 2022 அக்டோபரில் கருவி பொருத்திய ஓர் இளம் மூக்கன், பிறந்து ஐந்து மாதமே ஆனது, அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கேயும் இறங்காமல் பறந்து முடித்தது. கிளம்புவதற்கு முன் உடம்பு எடையில் கிட்டத்தட்ட பாதியளவு கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, பறக்கும்போது தேவைப்படாத இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொள்ளும். இவ்வளவு கச்சிதமாகக் கணக்குப் போட்டுக் கிளம்பும் உடம்பில் உபரி என்று எதுவும் இல்லை. எதிர்க்காற்று ஒரு நாள் கூடுதலாக அடித்தாலோ, கிளம்புமிடத்தில் தீனி பத்து நாள் முன்பே தீர்ந்துபோனாலோ ஈடுகட்ட வழி கிடையாது.

திரும்பும் பயணத்தில் இந்த மூக்கன்களும் இன்னும் பல கரைப்பறவைகளும் மஞ்சள் கடலோரம் இறங்கித் தின்று தெம்பேற்றிக்கொள்ளும். சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலான அந்தக் கரையில் சேற்றுவெளிகளை மண் கொட்டி நிரப்பி ஏற்கெனவே பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். தென்கொரியாவின் சேமங்கம் தடுப்புச் சுவர் மட்டும் 33 கிலோமீட்டர் நீளம், 2006-இல் அதன் கடைசி இடைவெளியை மூடியபோது அலை போய்வந்துகொண்டிருந்த ஒரு பெரிய பறவைக்களம் கடலிலிருந்து துண்டாகிவிட்டது. இதில் பருவநிலை எங்கே வருகிறது என்றால், மிச்சமிருக்கும் சேற்றுவெளியில்தான். கடல் மட்டம் உயரும்போது சேற்றுவெளி இயல்பாக நிலத்தை நோக்கி நகர்ந்துகொள்ளும், ஆனால் பின்னால் கான்கிரீட் சுவர் நின்றால் எங்கே நகரும்? முன்னால் கடல், பின்னால் சுவர், நடுவில் நசுங்குகிறது. சீனா 2019-இலும் தென்கொரியா 2021-இலும் அங்கே மீதமிருக்கும் சில பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது உண்மையிலேயே பெரிய ஆறுதல்.

கடலுக்குள் நடப்பது வேறு மாதிரி. அங்கே தேதியோடு முகவரியும் மாறுகிறது. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் என்று ஓர் இனம், உலகத்திலேயே 400-க்கும் குறைவாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா, ஜார்ஜியா கரையோரம் குட்டி போட்டு, கோடையில் வடக்கே மெய்ன் வளைகுடா பக்கம் போய் மேயும். இத்தனை பெரிய உடம்பு தின்பது அரிசி மணி அளவே உள்ள, இறாலுக்குத் தூரத்து உறவான சிற்றுயிரை, அதுவும் குளிர்ந்த நீரில் வளரும் வகை. 2010 வாக்கில் மெய்ன் வளைகுடாவின் தண்ணீர் வேகமாகச் சூடேறவும் அந்தத் தீனி குறைந்தது, திமிங்கலங்கள் பழகிய இடத்தை விட்டுக் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்கு இடம் மாறின. விலங்கு செய்தது சரியான காரியம், பசித்தால் தீனி இருக்கும் இடத்துக்குத்தானே போக வேண்டும். ஆனால் அதைக் காப்பதற்காகப் போட்டிருந்த ஏற்பாடுகள் எல்லாம், கப்பல் வேகக் கட்டுப்பாடு, வலைக் கட்டுப்பாடு எல்லாம், பழைய இடத்தில் இருந்தன. புதிய இடத்தில் பெரிய கப்பல் தடமும் நண்டு பிடிக்கும் கயிறுகளும்தான் காத்திருந்தன. 2017-இல் மட்டும் 17 திமிங்கலங்கள் செத்தன, அதில் 12 கனடாவின் கடலில். சாவுக்குக் காரணம் கண்டறியப்பட்டவை பெரும்பாலும் கப்பல் மோதியும் கயிற்றில் சிக்கியும் செத்தவை என்றே பதிவாயின, பருவநிலை என்ற சொல் அந்தச் சாவுக் குறிப்பில் வராது. ஆனால் அவற்றை அந்தப் பாதைக்குத் தள்ளியது எது என்று கேட்டால் சூடான தண்ணீர்தான்.

இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. பருவநிலை மாற்றம் நேராக வந்து கொல்வது குறைவு, ஏற்கெனவே இருக்கிற ஆபத்தின் வாய்க்குள் கொண்டுபோய் விடுவதுதான் அதிகம். வலசை உயிர்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை, 1979-இல் ஜெர்மனியின் பான் நகரில் கையெழுத்தானது, 2024 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் பட்டியலில் உள்ள 1,189 இனங்களில் 44 சதவீதம் எண்ணிக்கையில் குறைந்துகொண்டிருக்கின்றன, ஐந்தில் ஒன்றுக்கும் மேல் அற்றுப்போகும் அபாயத்தில் உள்ளன, மீன்களில் அது 97 சதவீதம். முதல் காரணங்களாக அந்த அறிக்கை சொல்வது அளவுக்கு மீறி வேட்டையாடுவதையும் பிடிப்பதையும், வாழிடத்தை அழிப்பதையும். அதை நான் ஒப்புக்கொள்கிறேன், எல்லாவற்றையும் பருவநிலை மேல் போட்டுவிட்டு வலையையும் துப்பாக்கியையும் மறப்பது தவறு. ஆனால் அந்த இரண்டையும் தனித்தனி கணக்காக வைத்துக்கொள்ளவும் முடியாது என்பதற்கு அந்தத் திமிங்கலங்களே சாட்சி.

நிலத்தில் ஓர் உதாரணம், கொஞ்சம் கொடுமையானது. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில், பனி விழ வேண்டிய காலத்தில், மழை பெய்தது. பனி மேல் பெய்த மழை அடுத்து வந்த குளிரில் உறைந்து, நிலம் முழுக்கக் கண்ணாடி போட்டது போல் ஆகிவிட்டது. ரெயின்டீர் மான்கள் குளம்பால் பனியைக் கிளறித்தான் அடியில் பாசி போலப் படர்ந்திருக்கும் லைக்கனைத் தின்னும். பஞ்சு மாதிரிப் பனி என்றால் கிளறலாம், பனிக்கட்டியைக் குளம்பால் உடைக்க முடியாது. உணவு காலுக்கடியில், சில அங்குலத்தில், இருந்தும் அந்தக் குளிர்காலத்தில் சுமார் 61,000 மான்கள் பட்டினியால் செத்தன. அவற்றோடு கூடவே இடம்பெயர்ந்து வாழும் நெனெட்ஸ் மக்களில் பல குடும்பங்கள் மந்தையையே இழந்தன. அருகில் உள்ள பேரன்ட்ஸ், காரா கடல்களில் பனி குறைந்து திறந்த நீர் அதிகமானதால் ஈரக்காற்று உள்ளே வருவதை ஆய்வாளர்கள் இதோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். காட்டு மான்களின் கதையும் நன்றாக இல்லை: ஆர்க்டிக் முழுக்க 47 லட்சமாக இருந்தவை இருபது ஆண்டுகளில் 21 லட்சமாகக் குறைந்தன என்று 2018-இல் கணக்குச் சொன்னார்கள்.

மாறிக்கொள்ளவே முடியாதா என்றால், சில இனங்கள் மாறிக்கொள்கின்றன, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஐரோப்பாவின் செங்கால் நாரைகளில் பல இப்போது ஆப்பிரிக்கா போவதையே விட்டுவிட்டு ஸ்பெயின், போர்ச்சுகலில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. குளிர் குறைந்ததும் ஒரு காரணம், குப்பைக் கிடங்குகளில் ஆண்டு முழுக்கத் தீனி கிடைப்பதும் ஒரு காரணம். காட்டு வாத்துகள் இன்னும் ஒரு படி மேலே. நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் குஞ்சு பொரித்துவந்த இளஞ்சிவப்புக் கால் வாத்துகளில் ஒரு பகுதி, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள், அங்கிருந்து கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் தள்ளி ரஷ்யாவின் நோவயா செம்லியா தீவுகளில் புதிதாக ஒரு குடியிருப்பையே ஏற்படுத்திக்கொண்டன, இப்போது அங்கே மூவாயிரம் நாலாயிரம் வாத்துகள் உண்டு. வாத்துகள் குடும்பமாக, கூட்டமாகப் பறப்பவை. குஞ்சுகள் பெரியவற்றின் பின்னால் போய் வழியைக் கற்றுக்கொள்கின்றன, யாரோ நாலு வாத்து ஒரு நல்ல இடத்தைக் கண்டுபிடித்தால் அடுத்த வருடம் கூட்டமே அங்கே போகும். ஈப்பிடிப்பானோ தனியாக, இரவில், பிறவியிலேயே வந்த திசையையும் தேதியையும் நம்பிப் பறக்கிறது. கற்றுக்கொடுக்க யாரும் கூட வருவதில்லை. அதனால் ஒரு இனம் தப்புமா தப்பாதா என்று பார்க்கும்போது, அது வழியைக் கற்றுக்கொள்கிறதா, பிறக்கும்போதே கொண்டுவருகிறதா என்பதை முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்த ஈப்பிடிப்பானுக்கும் ஒரு வழி தெரிகிறது. நெதர்லாந்துப் பெண் பறவைகள் சிலவற்றை ஆய்வாளர்கள் காரில் ஏற்றி, சுமார் 600 கிலோமீட்டர் வடக்கே சுவீடனில் கொண்டுபோய் விட்டார்கள். சுவீடனில் வசந்தம் தாமதம், ஆனால் அங்கும் அது முந்திக்கொண்டு வருகிறது, அங்குள்ள பறவைகள் பின்தங்கிவிட்டன. கொண்டுபோன பறவைகள் பழைய ஊர்த் தேதியை ஒட்டியே முட்டையிட்டன, அந்தத் தேதி சுவீடனின் புழுக்காலத்துக்குச் சரியாகப் பொருந்தியது. அவற்றின் குஞ்சுகளும் வளர்ந்து, ஆப்பிரிக்கா போய், மற்ற பறவைகளுக்கு முன்னதாகவே அங்கே திரும்பி வந்தன. 2023-இல் வெளியான ஆய்வு. எல்லாப் பறவையையும் காரில் ஏற்ற முடியாது, அப்படிச் செய்யச் சொல்லவும் இல்லை. தானாகவே கொஞ்சம் வடக்கே தள்ளிக் குடியேறினால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்பதுதான் இதில் தெரிவது, அதற்கு வடக்கேயும் காடு இருந்தாக வேண்டும்.

திமிங்கலங்களுக்கும் கனடா ஒரு வேலை செய்தது. எந்த இடத்தில் ரைட் திமிங்கலம் தென்படுகிறதோ அந்த இடத்தில் அப்போதைக்கு மீன்பிடிப்பை மூடுவது, கப்பலை மெதுவாகப் போகச் சொல்வது. வரைபடத்தில் ஒரு கட்டம் போட்டு இது சரணாலயம் என்று எழுதிவைப்பது நகரும் விலங்குக்குப் பத்தாது, பாதுகாப்பும் கூடவே நகர வேண்டும். இன்னும் பல இடங்களில் இது வர வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது பேராமைகள்தான். ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை புதைந்த மணலின் சூடு தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 டிகிரியில் பாதிக்குப் பாதி, அதற்கு மேலே போகப் போகப் பெண்கள் கூடும், இன்னும் சூடானால் முட்டை வெந்துபோகும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில், உலகின் மிகப் பெரிய பேராமைக் கூட்டங்களில் ஒன்று முட்டையிடும் கரைகளிலிருந்து வந்த ஆமைகளைச் சோதித்தபோது, வளர்ந்த ஆமைகளில் 87 சதவீதம் பெண்கள், இளம் ஆமைகளில் 99 சதவீதம் பெண்கள். 2018-இல் வந்த கணக்கு. பல பத்தாண்டுகளாகவே அங்கே ஆண் குஞ்சு அரிதாகிக்கொண்டு வந்திருக்கிறது, மேலே நீந்தும் ஆமைகளைப் பார்த்து எவருக்கும் அது தெரியவில்லை, ஏனென்றால் குட்டி ஆமையை வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா சொல்ல முடியாது.

அங்குள்ள ரெயின் தீவில் மணலைக் கொட்டிக் கரையை உயர்த்தியிருக்கிறார்கள், கடல்நீர் ஏறி முட்டைகள் மூழ்காமல் இருக்க. வேறு கரைகளில் கூடுகளுக்கு மேல் நிழல் போட்டும், தண்ணீர் தெளித்தும் பார்க்கிறார்கள். சூடு ஒன்றிரண்டு டிகிரி குறைந்தால்கூட ஆண் குஞ்சுகள் கிடைக்கும். பேராமை பிறந்த கரைப் பக்கமேதான் முட்டையிடத் திரும்பி வரும், முதிர்ச்சி அடைய முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். இந்த வருடம் அந்த மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வந்து கடலில் இறங்கும் குஞ்சு, தன் முதல் முட்டைகளோடு அதே மணலில் ஏறும்போது 2050 தாண்டியிருக்கும்.